செயலாளரின் ஆண்டறிக்கை: சங்கப் பணிகளும் மலையூர்ப் பதிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், குளிரையும் பொருட்படுத்தாது பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரியில் இயங்கும் நம் வாசகர் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை முன்வைக்கிறேன். பொங்கல் விழா, கொடியேற்றம், மாணவர் கட்டுரைப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. நூலக அறையின் கூரை ஒழுகல் மழைக்கு முன் சரிசெய்யப்பட்டது.

இவ்வாண்டின் பெரும்பணி, நீலகிரியின் இடங்களை விக்கித்தரவு என்னும் கட்டற்ற இணையத் தரவுத்தளத்தில் வகைப்படுத்திப் பதிவதாகும். ஊர்ப்பெயரை எழுதி முடிப்பதற்கு ஓராண்டா என்று சென்ற கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவில் ஒவ்வொரு இடத்திற்கும் உருப்படி எனப்படும் தனிப் பதிவுப் பக்கம் உண்டு. அது எவ்வகையைச் சேர்ந்தது, எந்த நிர்வாகப் பகுதிக்குள் உள்ளது, அதன் ஆயத்தொலைவுகள் (அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள்) யாவை என்பன தனித்தனியே பதியப்படுகின்றன. நீலகிரி என்ற ஒரே பெயர் மலைத்தொடரையும், மாவட்டத்தையும், மக்களவைத் தொகுதியையும் குறிக்கிறது. மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்திலும், அவிநாசி திருப்பூர் மாவட்டத்திலும், பவானிசாகர் ஈரோடு மாவட்டத்திலும் இருந்தாலும் மூன்றும் நீலகிரித் தொகுதிக்குள் அடங்குகின்றன. மூன்று நீலகிரிகளையும் ஒரே உருப்படியில் கலந்துவிட்டால், அவிநாசியும் மலை மாவட்டத்து ஊர் என்றே தேடுவோருக்கு விடை கிடைக்கும். கூடலூர்ப் பகுதி 1877இல்தான் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது என்பதால், அங்குள்ள இடங்களுக்கு ஆண்டையும் சேர்த்தே பதிய வேண்டியுள்ளது.

படகர்களின் ஹட்டி, தோடர்களின் மந்து, கோத்தர்களின் கோக்கால் ஆகிய குடியிருப்புகள் அனைத்தையும், விவரம் திரட்ட நாம் அச்சிட்டு வழங்கிய படிவங்களில் பலர் ‘கிராமம்’ என்றே எழுதியிருந்தனர். ஒரு வருவாய்க் கிராமத்திற்குள் பல ஹட்டிகள் இருக்க, இப்படி எழுதுவது அவற்றை இல்லாமல் ஆக்குவதற்கு ஒப்பாகும். ஒரு படிவத்தில் அமைவிடம் என்ற கட்டத்தில் ‘ஊட்டிக்குப் பக்கம்’ என்று மட்டுமே இருந்தது. நானே நேரில் சென்று, மூடுபனியில் பால் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நின்று கைபேசியில் ஆயத்தொலைவைக் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போது அங்கு வந்த மூதாட்டி ஒருவர், “மேலே இருக்கிறது ஒரு ஊரு, சுனைக்குக் கீழே இருக்கிறது வேற ஊரு, ரெண்டையும் ஒண்ணா எழுதிடாதே தம்பி” என்றார். படிவத்தில் ஒரு வரியாக இருந்தது, அன்றே இரண்டு உருப்படிகளாயிற்று.

இவ்வளவையும் சொல்வது பாராட்டை நாடி அன்று. ஞாயிறு மாலைகளில் பெரும்பாலும் பொருளாளரும் நானும் மட்டுமே கணினி முன் அமர்ந்தோம். குந்தா வட்டத்தை ஏற்றுக்கொண்ட உறுப்பினரிடமிருந்து ஆண்டு முழுவதும் ஒரு தாளும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்ற பதிலே வந்தது. சந்தா செலுத்தாதோர் பட்டியலும் வருத்தம் தரும் அளவிற்கு நீண்டிருக்கிறது. அவர்களுள் சிலர் சங்கத்தின் தொடக்கக் காலம் முதல் உடனிருப்பவர்கள் என்பதால் பெயர்களை இங்கே வாசிக்க மனம் இடம் தரவில்லை.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. இணையக் கட்டணமும் படிவ அச்சுச் செலவும் போகக் கையிருப்பு சொற்பமே. இடம் தந்து உதவிய நூலகருக்கும், தேநீர் வழங்கிய அன்பர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

மாவட்டத்தின் ஆறு வட்டங்களுள் குந்தாவும் பந்தலூரும் இன்னும் தொடப்படவில்லை. இருவரால் அது இயலாது என்பதை ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கிறேன். அப்பகுதிகளில் உற்றார் உறவினர் உள்ளோர், வாசலருகே மேசையில் உள்ள படிவங்களை இன்றே எடுத்துச் செல்லுமாறும், நிலுவைச் சந்தாவைப் பொருளாளரிடம் செலுத்திச் செல்லுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.