காலையில் சைக்கிள் ஓட்ட விடுங்கள்: ஊரடங்கு விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் இந்த 2021 மே 24 முதல் தளர்வில்லாத கொரோனா ஊரடங்கு ஏன் வந்தது என்று எங்களுக்கும் தெரியும், ஆக்சிஜன் படுக்கைக்கு ஜனங்கள் அலைந்ததைப் பார்த்தவர்கள்தான் நாங்களும், அதனால் ஊரடங்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேட்பது ஒன்றுதான். விடியற்காலையில் ஒருவர் தனியாகச் சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் அனுமதி கொடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. மூட்டும் தேய்ந்துவிட்டது. அதிகம் நடக்காதீர்கள், சைக்கிள் மிதியுங்கள், முட்டியில் பாரம் இறங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காட்பாடியில் வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுவார். போன வாரம் ஆளில்லாத ரோட்டில் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தவரைப் போலீஸ்காரர்கள் நிறுத்தி, அவர் நீட்டிய மருந்துச் சீட்டைக்கூடப் பார்க்காமல், இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். எந்த முட்டிக்காகச் சைக்கிளில் ஏறினாரோ அதே முட்டியோடு, ரிம் தரையில் இடிக்க இடிக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். வால்வு டியூப் கிழிந்திருக்கிறது, மாற்றலாம் என்றால் சைக்கிள் கடையும் மூடல். இப்போது வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைக் கொரோனா மோசமாகத் தாக்கும் என்று நீங்கள்தானே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறீர்கள்?

மொட்டை மாடியில் நடக்கலாமே என்பார்கள். வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு மாடிச் சாவி கிடைப்பதே பெரிது.

ஊரடங்கு தொடங்குவதற்கு முன், மே 22, 23 தேதிகளில் எல்லாக் கடைகளையும் திறந்துவிட்டு, கடைத்தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க அனுமதி இருந்தது. கூட்டத்தில் பரவுகிற நோய், வெட்டவெளியில் தனியாகப் போகிறவரிடமிருந்து யாருக்குப் பரவும்? பிரிட்டனில் போன வருஷ ஊரடங்கிலேயே நாளுக்கு ஒரு தடவை நடக்கவோ ஓடவோ சைக்கிள் ஓட்டவோ விட்டார்கள். பிரான்சில் ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்று வரையறுத்து, கையில் சீட்டு எழுதிக்கொண்டு போகச் சொன்னார்கள். நீங்களும் கட்டுப்பாடு வையுங்கள், ஆனால் அதை எழுத்தில் வையுங்கள். எழுத்தில் இல்லாததால்தான் இன்றைக்கு டியூட்டியில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன தோன்றுகிறது என்பதே சட்டமாகிவிட்டது. காரில் வருகிறவர் கண்ணாடியை இறக்கி ஏதோ ஒரு அட்டையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார், சைக்கிளில் வருகிறவர்தான் இறங்கிக் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. பஸ் இல்லாமல் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிளில்தான் போகிறார்கள் ஐயா, சைக்கிள் என்றாலே ஏன் இவ்வளவு இளக்காரம்?

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். காலை 5 மணியிலிருந்து 7 மணி வரை, வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள், தனியாக, மாஸ்க்குடன் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அனுமதி என்று அடுத்த அறிவிப்பில் சேர்த்து, எல்லாச் சோதனைச் சாவடிகளுக்கும் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சைக்கிள் கடைகளுக்கும் காலையில் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். அதுவரைக்கும், தயவுசெய்து, யார் வண்டியிலும் காற்றைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு மகள்