வாட்டர்லூவும் காதல் நாவல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரீஜென்சி காலக் (பிரிட்டனில் 1811–1820) காதல் நாவல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, உடை, நடனம், நாயகியின் சீதனம் எல்லாவற்றையும் விரிவாகப் பேசிவிட்டு, போரை மட்டும் ‘பின்னணி’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டது. போர்க்காலத்தில் நடக்கும் காதல் கதையை நகர்த்த வேண்டியதே போரின் தேதிகள்தான்.

நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற 1815 ஜூன் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 15ஆம் தேதி இரவு பிரஸ்ஸல்ஸில் ரிச்மண்ட் சீமாட்டி நடன விருந்து கொடுக்கிறார். நெப்போலியன் முன்னேறி வரும் செய்தி விருந்திலேயே பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனை எட்டுகிறது. உடை மாற்றக்கூட நேரமில்லாத சில அதிகாரிகள் மறுநாள் பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே உள்ள காத்ர் பிராவில் நடன உடையிலேயே போரிட்டார்கள். விருந்துக்கு வந்திருந்த பிரன்ஸ்விக் கோமகன் அந்தக் களத்திலேயே இறந்தார். விருந்துக்கு அடுத்த நாளே வாட்டர்லூ என்று எழுதுபவர்கள் கையில் கிடைத்த இந்த நாடகத்தைக் கோட்டைவிடுகிறார்கள். 17ஆம் தேதி வெலிங்டனின் படையினர் கொட்டும் மழையில் பின்வாங்கினார்கள். 18ஆம் தேதிதான் வாட்டர்லூ. அன்றும் தரை சேறாகிக் கிடந்ததால் பெரும்போர் தொடங்க முற்பகல் பதினொன்றரை ஆகிவிட்டது. விடியற்காலைத் தாக்குதல் அங்கே பொருந்தாது.

இதைவிடப் பெரிய பிழை நேர்வது செய்தி பயணம் செய்யும் வேகத்தில். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் நாயகி பீரங்கி முழக்கத்தைக் கேட்கலாம். லண்டனில் இருப்பவளுக்கோ, 21ஆம் தேதி இரவு மேஜர் ஹென்றி பெர்சி வெலிங்டனின் அறிக்கையோடு வந்து சேரும்வரை வதந்திகள்தான் துணை. 22ஆம் தேதி அரசிதழின் சிறப்பு வெளியீடு வந்தது. ஆனால் உயிரிழந்தோர், காயமுற்றோர் முழுப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஊரே வெற்றியைக் கொண்டாடும்போது, ஒரு சாதாரண லெப்டினன்ட்டின் பெயருக்காக அவள் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவ்வகை நாவலின் உயிரே அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. ‘மறுநாள் காலை அவன் கடிதம் வந்தது’ என்ற ஒரு வரி அதைக் கொன்றுவிடும். அக்காலத்தில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே கொடுத்தார். அப்பாவுக்குத் தெரியாமல் கடிதம் நாயகியின் கைக்கு எப்படி வந்தது என்பதையும் கதை சொல்லியாக வேண்டும்.

படை புறப்படும் முன் அவசரத் திருமணம் என்பதும் அவ்வளவு எளிதல்ல. அன்றைய இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டப்படி தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வேண்டும். இல்லையேல் உரிமம் வாங்க வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் பெறத் தந்தையின் சம்மதம் தேவை. விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் மணம் முடிக்கும் சிறப்பு உரிமத்தைக் கேன்டர்பரி பேராயரிடமிருந்துதான் பெற முடியும். நாவல்களில் அது கடையில் வாங்கும் பொருள்போல் கிடைத்துவிடுகிறது.

ஏழை நாயகன் பதவி உயர்வு பெறும் இடத்திலும் கவனம் வேண்டும். அதிகாரிப் பதவிகளை விலைகொடுத்து வாங்கிய காலம் அது. காலாட்படையில் கடைநிலை அதிகாரிப் பதவிக்கு 400 பவுண்டு, கேப்டன் பதவிக்கு 1,500 பவுண்டு என்பது அரசு வகுத்த விலை. ஆனால் போரில் ஒருவர் இறந்து காலியாகும் இடம் பொதுவாக விலையின்றியே அடுத்தவருக்குப் போகும். அதாவது, காதலியை மணக்கும் தகுதியை நாயகனுக்குத் தருவது அவன் நண்பனின் மரணமாகவும் இருக்கலாம். இந்த வலியைத் தொடாமல் அவனைக் கேப்டனாக்கிவிடும் நாவலைத் தங்கள் மதிப்புரையாளர்கள் இனியாவது கேள்வி கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்