மூன்று மாடி மளிகைக் கடையும் அண்ணாச்சியின் நோட்டும்

அண்ணா நகர், மதுரை
நவம்பர் 9

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தீபாவளி வேலையும் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டதால் உடனே எழுத முடியவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் மனம் நிம்மதியானது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த நேரம் பார்த்து நம் கடைத்தெருவுக்கு மூன்று மாடியில் ஒரு மளிகைக் கடை வந்திருக்கிறது!

உன் மகள் நிச்சயதார்த்தம் நடந்த கல்யாண மண்டபம் நினைவிருக்கிறதல்லவா? அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது திறந்தார்கள். வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொட்டலம். அம்பிகா தியேட்டர் நிறுத்தத்தில் இறங்கியவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போனார்கள். கூட்டம் அடங்கட்டும் என்று ஒரு வாரம் பொறுத்து நான் போனேன்.

தரைத்தளத்தில் காய்கறி, பழம், பால். முதல் மாடி முழுக்க அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா. இரண்டாவதில் சோப்பு, துடைப்பம், பூஜைச் சாமான். மூன்றாவதில் பாத்திரம், பிளாஸ்டிக், பொம்மை. லிஃப்ட் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான், தள்ளுவண்டியோடு காத்து நிற்க வேண்டும். ஆனாலும் என் முழங்காலுக்கு அது பெரிய வரம்.

வசந்தா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த முதல் மாடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்தேழு வயதில் நான் முதன்முதலாக ஒரு மளிகைக் கடைக்குள் நடந்திருக்கிறேன். யோசித்துப் பார். என் அம்மா வாழ்நாள் முழுவதும் சிட்டை எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். நான் ஒருபடி முன்னேறி, கடை வாசல்வரை போனேன். அண்ணாச்சி கடையில் பலகைக்கு வெளியே, தெருவில் நின்றுதானே கேட்போம்? உள்ளே எந்த மூட்டை எங்கே இருக்கிறது, எது புதுசு, எது போன மாதத்தது என்று நமக்கு என்ன தெரியும்? அவர் எடுத்துக் கொடுப்பது அரிசி, கட்டிக் கொடுப்பது பருப்பு. இங்கே சீரகச் சம்பாவைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளைச் சம்பா ஒரு தொட்டியில், கருப்புக் கவுனி இன்னொன்றில். பொன்னியில் மட்டும் நான்கு ரகம். யாரும் பின்னால் நின்று "சீக்கிரம் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தவில்லை. பொட்டலத்தைத் திருப்பி, தேதியைப் பார்த்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு வர முடிகிறது. வாங்காமல் திரும்பினால் யார் முகமும் சுருங்குவதில்லை. ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டு அரைக் கிலோ அரிசியோடு வந்தேன். வீட்டில் இவர் கேலி செய்தார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

காய்கறி மட்டும் அங்கே வாங்குவதில்லை. நம் உழவர் சந்தை இருக்கும்போது எதற்கு? வரும் 14-ஆம் தேதியோடு அதற்கு 26 வயது ஆகிறது. 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் அண்ணா நகரில் திறந்ததும், முதல் வாரத்திலேயே நீயும் நானும் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகும் முன் பை எடுத்துக்கொண்டு ஓடியதும் நினைவிருக்கும். இப்போதும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான் விற்கிறார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவதால் பேரத்துக்கு வேலையில்லை. அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து வரும் அம்மாவிடம் கத்தரிக்காய் வாங்கினால் காம்பில் பனி ஈரம் இருக்கிறது. புதுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தெளித்துத்தான் அந்த ஈரத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இனி அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

போன செவ்வாய்க்கிழமை புளி வாங்கப் போயிருந்தேன். கடையில் ஆளே இல்லை. எப்போதும் மாதத் தொடக்கத்தில் நான்கு பேர் சிட்டையோடு நிற்பார்கள். நிறுத்துப் பொட்டலம் கட்டி, மேலே தொங்கும் நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தயங்கிக் கேட்டார்: "டீச்சரம்மா, அந்தக் கடையை ஒரு தடவை பார்க்க வேண்டும். தனியாகப் போனால் வேவு பார்க்க வந்ததாக நினைப்பார்கள். நீங்கள் கூட வருகிறீர்களா?"

மறுநாள் மதியம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். தன் கடைக்குள் ஐம்பது வருடமாகச் செருப்புப் போட்டு ஏறாதவர். காவலாளி ஓடிவந்து, "பெரியவரே, போட்டுக்கொண்டே போகலாம்" என்றான். போட்டுக்கொண்டார், ஆனால் கூச்சம் போகவில்லை. பளபளக்கும் தரையில் அடிமேல் அடி வைத்து நடந்தார்.

பருப்பு வரிசையில் நின்றுவிட்டார். துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். அடியில் ஒரு விரல் கனத்துக்கு மாவும் உடைசலும் தேங்கியிருந்தன. பிளாஸ்டிக்குக்கு மேலேயே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "பழசு, வேக நேரமாகும்" என்றார். இன்னொன்றை எடுத்து, "இது நல்ல சரக்கு. விருதுநகரில் இப்போது இதுதான் போகிறது" என்றார். பிறகு இரண்டையும் எடுத்த இடத்திலேயே, வரிசை கலையாமல் வைத்தார். நான் கலைத்துப்போட்டிருந்த இரண்டு பொட்டலங்களையும் சேர்த்து ஒழுங்குபடுத்தினார்.

எண்ணெய் வரிசையில் விலைச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "டீச்சரம்மா, இந்த விலைக்கு எனக்குக் கொள்முதலே கட்டாது" என்றார். அவருக்கு ஏஜென்சிக்காரர் வழியாகத்தான் சரக்கு வருகிறது. பெரிய கடைக்குக் கம்பெனியே லாரியில் இறக்குகிறது. இடையில் இருப்பவரின் பங்கு மிச்சமாகிறது. அதில் ஒரு பகுதியை நமக்கு விலைக்குறைப்பாகத் தருகிறார்கள். எவ்வளவு நேர்மையாக விற்றாலும் அண்ணாச்சி அந்த விலைக்கு இறங்க முடியாது. இத்தனை காலம், விலை கூடுதலாக விற்பவர் பேராசைக்காரர் என்று நானே நினைத்திருக்கிறேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒரு விஷயத்தில் அவர் கை ஓங்கியிருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்குப் பிறகுதான், அந்த வரம்பைத் தாண்டி வரியைத் தவிர்க்க, 26 கிலோ மூட்டை என்று ஒன்று சந்தைக்கு வந்தது. நானும் ஏதோ ஒரு கிலோ இலவசம் என்றுதான் நினைத்திருந்தேன்! மூட்டையைப் பிரித்து, கேட்ட அளவு நிறுத்துத் தருபவருக்கு அந்த வரி இல்லை. அரிசியில் இன்னும் தன்னால் நிற்க முடியும் என்று வரும் வழியில் அண்ணாச்சி சொன்னார்.

வெளியே வரும்போது ஒரு பிஸ்கட் பொட்டலம் எடுத்துப் பணம் கட்டினார். அவர் கடையிலும் இருக்கிற அதே பிஸ்கட். ஏன் என்று கேட்டேன். "ஒருத்தன் கடை போட்டிருக்கிறான். உள்ளே வந்துவிட்டு வெறுங்கையோடு போகக்கூடாது" என்றார்.

வசந்தா, இவரைத்தான் நாம் 2003-இல் பார்த்தோம். அந்த ஜூலை மாதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வேலைநிறுத்தத்துக்காக ஊழியர்களும் ஆசிரியர்களும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் ஆனார்கள். அந்தப் பட்டியலில் உன் பெயரும் என் பெயரும் இருந்தன. சம்பளம் இல்லை, மறுபடி வேலை உண்டா என்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சிலர் எதிரே வந்தால் தெரு மாறிப் போனார்கள். நாம் இருவரும் சிட்டையில் பாதியை அடித்துவிட்டு அவர் கடை முன்னால் போய் நின்றோம். அவர் சிட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, அடித்ததையும் சேர்த்து நிறுத்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். "பிள்ளைகள் இருக்கிற வீடு, பருப்பைக் குறைக்காதீர்கள்" என்று மட்டும்தான் சொன்னார். ஆகஸ்டில் வேலை திரும்பக் கிடைத்து, கடனை அடைக்கப் பொங்கல் வரை ஆனது. ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை. 2020-இல் ஜூன் கடைசியில் மதுரை முழுவதும் அடைத்துப் போட்டார்களே, அப்போதும் எங்கள் வீட்டு வாசலில் அரிசியை வைத்துவிட்டு எட்ட நின்று குரல் கொடுத்தவர் அவர்தான்.

புதுக் கடையில் எல்லாம் இருக்கிறது, அந்த நோட்டு மட்டும் இல்லை. பில் போடும் இயந்திரத்துக்கு என்னைத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. நமக்கு ஓய்வூதியம் வருகிறது, சமாளிக்கலாம். நம் தெருவில் பூக்கட்டுகிறவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் இன்றைக்கும் அந்த நோட்டை நம்பித்தான் மாதக் கடைசியைத் தள்ளுகிறார்கள். கையில் காசுள்ள நாமெல்லாம் மாடி ஏறிவிட்டால், கடன் சொல்கிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எத்தனை மாதம் கடை நடத்துவார்? நாம் ரொக்கம் கொடுத்துக்கொண்டிருந்ததால்தானே அவரால் அவர்களுக்குக் கடன் கொடுக்க முடிந்தது? இதை நினைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மாதச் சிட்டையை அண்ணாச்சிக்கே கொடுப்பது என்று முடிவுசெய்துவிட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் பேசிவருகிறேன். அதிசய அரிசியும் பாத்திரமும் வேண்டுமானால் புதுக் கடைக்குப் போவேன்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். இரண்டாம் மாடியில் சோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெண் "டீச்சர்!" என்று ஓடிவந்தாள். நம் பள்ளியில் அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வி. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலைத் தூக்கி அலமாரி விளிம்பில் வைத்து வைத்து எடுத்தாள். காலை ஒன்பதரைக்கு வந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் போகிறாள், சாப்பாட்டுக்கு அரை மணி. மற்ற நேரமெல்லாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்த மாடி முழுக்க ஒரு நாற்காலி இல்லை. விற்பனைக்கு அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் மூன்றாம் மாடியில் கோபுரமாக நிற்கின்றன. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. மேலாளரிடம் சொன்னேன். சின்னப் பையன், மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். "மேலிடத்தில் சொல்கிறேன் அம்மா" என்றான். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று, மறுநாள் ஒரு முழுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று போனபோது இரண்டாம் மாடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. அந்த மாடியில் நான்கு பெண்கள். மீதி மூன்றுக்காக அடுத்த வாரம் மறுபடி எழுதப்போகிறேன்.

உங்கள் கோவையில் இப்படிப்பட்ட கடைகள் முன்பே வந்துவிட்டன. உன் வீட்டு முனையில் இருந்த மளிகைக் கடை என்ன ஆனது? இருக்கிறதா, எப்படித் தாக்குப்பிடித்தது? விவரமாக எழுது. அண்ணாச்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. நீ வரக்கூடும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் கணக்கில் 46 ரூபாய் வரவு நிற்கிறது என்றார். ஊரைவிட்டுப் போகும் அவசரத்தில் கூடுதலாகக் கொடுத்துவிட்டாயாம். அதை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
மீனா