டிரம் ஒலிகள் தனி டிராக்குகளுக்குப் பிரியாதது குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மஹேபூர், மொரீஷியஸ்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் டிரம் மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்கி, முறைப்படி பதிவு செய்துகொண்டவன் நான். ஒவ்வொரு டிரம் ஒலியையும் தனித்தனி டிராக்குக்கு அனுப்பலாம் என்று தங்கள் விளம்பரத்தில் இருந்ததை நம்பித்தான் வாங்கினேன். அண்மையில் தாங்கள் வெளியிட்ட அப்டேட்டைப் போட்டதிலிருந்து அந்த வசதி வேலை செய்யவில்லை. கிக் எனும் பெரிய டிரம்மை 1-2 எண் அவுட்புட்டிலும், ஸ்னேர் எனும் சிறிய டிரம்மை 3-4இலும், ஹை-ஹாட் எனும் ஜோடித் தாளத்தட்டை 5-6இலும் அமைத்து, சேமித்து மூடிவிட்டு மறுபடி திறந்தால், தங்கள் மென்பொருளின் மிக்ஸரில் அந்த எண்கள் அப்படியே தெரிகின்றன. சத்தம் மட்டும் மொத்தமாக 1-2 வழியாகவே வருகிறது. மற்ற டிராக்குகளின் மீட்டர் அசைவதே இல்லை. பழைய பதிப்பில் இதே ப்ராஜெக்ட் ஒழுங்காக ஓடியது.

மின்னஞ்சலில் கேட்டபோதெல்லாம் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார்கள். பிறகு, கணினியோடு போர்ட் லூயியிலுள்ள தங்கள் விற்பனை முகவரிடம் நேரில் போகச் சொன்னார்கள். மஹேபூரிலிருந்து கியூர்பிப் வரை பேருந்திலும், அங்கிருந்து மெட்ரோவிலும், கணினியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் கணினியைத் திறக்கக்கூட விடவில்லை. "உங்கள் சவுண்ட் கார்டில் இரண்டு அவுட்புட்தானே இருக்கிறது, தனித்தனியாக எங்கிருந்து வரும்? தெரியாத வேலையில் ஏன் கை வைக்கிறீர்கள்?" என்று மற்ற வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி கேட்டார். மல்ட்டி-அவுட் என்பது டிரம் மென்பொருளிலிருந்து, பாடலைப் பதிவு செய்யும் மென்பொருளின் மிக்ஸருக்குக் கணினிக்கு உள்ளேயே போகும் வழி என்பதும், சவுண்ட் கார்டின் பின்னால் உள்ள துளைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும், இதை விற்பவருக்கே தெரியாதா?

இதற்கு முன்பு மின்னஞ்சலில் ஒருவர் சொன்ன யோசனையையும் இங்கே சொல்ல வேண்டும். எந்த டிரம் எப்போது அடிக்க வேண்டும் என்ற மிடி குறிப்புகளைப் பிரித்து, கிக்குக்கான 36ஆம் நோட்டை ஒரு டிராக்கிலும், ஸ்னேருக்கான 38ஐ இன்னொன்றிலும், மூடிய ஹை-ஹாட்டுக்கான 42ஐயும் திறந்த ஹை-ஹாட்டுக்கான 46ஐயும் வேறு வேறு டிராக்குகளிலும் வைத்து, ஒவ்வொன்றிலும் மென்பொருளைப் புதிதாக ஏற்றச் சொன்னார். அப்படிச் செய்தால் மூடிய ஹை-ஹாட் அடிக்கும்போது திறந்த ஹை-ஹாட் நிற்காமல் தொடர்ந்து இரைகிறது. ஏனென்றால் ஒன்றை ஒன்று வெட்டும் ஏற்பாடு ஒரே மென்பொருளுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். கணினியின் நினைவகமும் திணறுகிறது. தங்கள் பொருளைப் பற்றித் தங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

தைப்பூசக் காவடிக்கு முன் வெளிவர வேண்டிய பக்திப் பாடல் தொகுப்பு இது. எங்கள் தீவின் தோல் வாத்தியமான ரவானின் தோலை நெருப்பில் காய்ச்சி, அது இளகுவதற்குள் ஒவ்வோர் அடியாகப் பதிவு செய்து, தங்கள் மென்பொருளின் பேட்களில் ஏற்றி வைத்திருந்தோம். இப்போது ஸ்னேருக்கு எதிரொலி தரும் ரிவர்ப் போட்டால் கிக்கும் சேர்ந்து குழம்புகிறது. கிக்கின் சத்த ஏற்றஇறக்கத்தை அடக்கக் கம்ப்ரஸர் போட்டால் ரவான் அமுங்கிவிடுகிறது. காவடி விருந்தின் ஏழு கறிகளையும் ஒரே சட்டியில் கொட்டி இலையில் வைத்தது போலிருக்கிறது பாட்டு. காவடியும் முடிந்துவிட்டது. என் உழைப்பு முழுவதும் மண்ணாகிவிட்டது. இந்தத் தீவில் இனி என்னை நம்பி யாரும் பாடல் தரமாட்டார்கள். போர்ட் லூயியில் அந்த மனிதர் பேசிய பேச்சு இன்றும் தூங்கவிடுவதில்லை.

தங்கள் நிறுவனத்தின்மீது மரியாதை வைத்திருப்பதால்தான் இன்னும் பணிவோடு எழுதுகிறேன். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அவுட்புட் அமைப்பைச் சரிசெய்த பதிப்பையோ, பழைய பதிப்பை மீண்டும் நிறுவுவதற்கான கோப்பையோ அனுப்ப வேண்டும். இயலாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், ரசீதையும் மின்னஞ்சல்களையும் மீட்டர் அசையாததைக் காட்டும் காணொளியையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுப்பேன். அதன் பிறகு சமாதானம் பேச வர வேண்டாம். அந்த முகவரின் மன்னிப்பு எனக்கு எழுத்தில் வேண்டும்.

பிழை தெரியும் ப்ராஜெக்ட் கோப்பை இத்துடன் இணைத்துள்ளேன். இம்முறையாவது தயவுசெய்து திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்