பேரல் கழட்டற சமாச்சாரம்

மாப்ள,

உன்ற மெசேஜ் வந்து மூணு நாளாச்சு, ஊட்டுல ஒரே ஒறம்பரைக் கூட்டம், பெரியவளுக்கு தை மாசம் முகூர்த்தம் வச்சிருக்குது, அந்த அலைச்சல்ல பதில் போட முடியல, கோவிச்சுக்காத. அப்பா நல்லாருக்காரு. தோட்டத்து போர் மோட்டார் மறுக்கா காயில் போயிருச்சு, அது கெடக்குது.

டெக்சாஸ்ல உக்காந்துட்டு ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கு பேரல் (துப்பாக்கிக் குழல்) மாத்த என்ன டூல் வாங்கறதுன்னு ஆவாரம்பாளையத்துல லேத் ஓட்டறவன்கிட்ட கேக்கற பாரு! இங்க நான் அதைத் தொட்டா கம்பி எண்ணோணும். 1959 ஆயுதச் சட்டத்துல பார்ட்ஸும் துப்பாக்கிதான், ரிப்பேர் பண்றதுக்கே லைசென்ஸ் வேணும். அங்க அமெரிக்காவுல நம்பர் அடிச்ச ரிசீவர், அதாவது பேரல் முறுக்கி நிக்கற நடு உடம்பு, அது மட்டுந்தான் சட்டத்துல துப்பாக்கிக் கணக்கு. அதனால 'நீயே ஒரு வைஸ் செஞ்சு அனுப்பு'ங்கற பேச்சு வேண்டாம், யோசனை வேணா சொல்றேன்.

பேரல் ரிசீவர்ல ஏர்ற மரை இஞ்சுக்கு 16, கம்பெனியில முறுக்குனது நொம்ப இறுக்கமா இருக்கும். நீ கை பலத்தப் பத்தி யோசிக்கற, விஷயம் புடிமானத்துல இருக்குது. வேலைக்கு சேந்த புதுசுல பம்ப் ஷாஃப்ட் ஒண்ணுல பைப் ரெஞ்ச் போட்டு எம்பி எம்பி இழுத்தேன், ரெஞ்ச் வழுக்கி ஷாஃப்ட்டுல மூணு பல்லு தடம், நாய் கடிச்சாட்ட. அந்த மாசச் சம்பளம் அதுக்கே போச்சு. அதனால பைப் ரெஞ்ச் கிட்டக்கவே போகாத.

பேரலைக் கவ்விப் புடிக்கற பேரல் வைஸ்ல காசு மிச்சம் புடிக்காத. அலுமினிய பிளாக் வச்சு, வழுக்காம இருக்க சித்த ரோசின் (பிசின்) தூள் தூவி, வைஸோட நாலு போல்ட்டும் சமமா இறுக்கு. அடுத்தது ரிசீவரைத் திருப்பற ஆக்‌ஷன் ரெஞ்ச். ரிசீவர் பின்னாடி, போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால அடைச்சு மூடற தண்டு) போற ஓட்டைல விடற மாதிரி ஒண்ணு வரும், வெலை கம்மிதான், ஆனா இறுகிப்போன பேரலுக்கு அது வேண்டாம், ரிசீவர் முழுசும் முறுக்குத் தாங்கோணும். முன் ரிங்கை வெளியால சுத்திப் புடிக்கறத வாங்கு, மரைக்குப் பக்கத்துலயே புடிக்கும். ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வை, காலைல ரெஞ்ச் புடியில சுத்தியல்ல ஒரே வெட்டு, மெதுவா இழுக்கறத விட அது கேக்கும். கழண்டதும் நடுவால வாஷராட்ட ரீகாயில் லக்கு (சுடறப்ப உதைப்பத் தாங்கற தகடு) தனியா வந்துரும், பயப்படாத, மறுக்கா மாட்டறப்ப அது நேரா நிக்கோணும், அவ்வளவுதான்.

புது பேரல், நட்டு போட்டு எடத்தப் பூட்டற மாடல்னா லேத்தே வேண்டாம். ஆனா தோட்டா உக்கார்ற எடத்த அளக்கற கேஜ் இல்லாம மாட்டாத மாப்ள. .308 தோட்டாவுக்கு கோ கேஜ் 1.630 இஞ்சு, நோ-கோ 1.634, நடுவுல நாலே தௌ (ஒரு தௌ, இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). போல்ட்டுல ஃபயரிங் பின்னும் எஜெக்டரும் (கூட்டை வெளிய தள்ளற முள்) கழட்டிட்டுத்தான் பாக்கோணும், இல்லைன்னா கை சொல்றது பொய். கோ மேல போல்ட் மூடோணும், நோ-கோ மேல மூடவே கூடாது, அமுக்கி மூடாத. நட்டு இறுக்கறப்ப கொஞ்சம் நகரும், இறுக்குனதுக்கு அப்பறம் மறுக்கா பாரு. இதுல எடம் விட்டா தோட்டாவோட பித்தளைக் கூடு கிழிஞ்சு சூடு காத்து உன்ற மூஞ்சிக்கு வரும்.

நட்டு இறுக்கத்த அளக்கற டார்க் ரெஞ்ச் பக்கத்து ஊட்டுக்காரன்கிட்ட கடன் வாங்கிக்கோ, கேஜ் மட்டும் சொந்தமா இருக்கட்டும்.

முகூர்த்தத்துக்கு டிக்கெட் போட்டாச்சான்னு சொல்லு. வர்றப்ப ஒரு ஸ்டாரெட் மைக்ரோமீட்டர் கொண்டா, என்றது கீழ விழுந்ததுல இருந்து அரை தௌ ஏமாத்துது.