அலமாரியில் மிஞ்சிய மருந்துகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த, விண்வெளித் தூசி, மீந்த மருந்துகள் பற்றிய இரண்டு கட்டுரைகளும் அருமை. விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசி அவற்றின் ஒளியை மங்கச் செய்வதை 1930-ல் வானியலாளர் டிரம்ப்ளர் நிறுவியதைச் சொன்னீர்கள். அந்தத் தூசி நீல ஒளியையே அதிகம் தடுப்பதால் தொலைதூர விண்மீன்கள் சிவந்து தெரிகின்றன என்பதையும் சேர்த்திருக்கலாம்.

மருந்துக் கட்டுரையைப் படித்ததும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். பிசுபிசுவென்று மூடி ஒட்டிக்கொண்ட இருமல் சிரப், அட்டையில் மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரைகள். இத்தனை நாள் இப்படி மிஞ்சுவதைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவேன். கழிவுநீர் சுத்திகரிப்பில் எல்லா மருந்தும் நீங்கிவிடாது என்று தெரிந்தபோது மனசு கேட்கவில்லை. நீரில் கலக்கும் ஆன்டிபயாடிக், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழிசெய்கிறது.

மீந்த மருந்துகளைத் திரும்பப் பெறும் இடம் இருந்தால் அங்கே கொடுப்பதுதான் நல்லது. சரி, இல்லாதவர்கள்? பெரும்பாலான மாத்திரைகளைப் பொடிக்காமல், காப்பித்தூள் சக்கையோடு கலந்து, உறையில் இறுக மூடிக் குப்பையில் போடலாம். அப்படிச் செய்தால் குழந்தைகள் எடுத்து வாயில் போடும் வாய்ப்பு குறையும். அப்புறம், மருந்தின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள நோயாளியின் பெயரை அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கடையிலும் சேகரிப்புப் பெட்டி வைக்கச் சொல்லித் தொடர்ந்து எழுதுங்கள்.

- ஒரு வாசகர்