ஹைஃபன்ல வெட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற பிரெஞ்ச் பாடத்த விடாம படிக்கிறேன், நல்லாவே போகுது, ஆனா போன வாரம் கூட்டுச்சொல்லுக்கு உச்சரிப்பு போட்ட விதம் சரியில்ல. வானவில்லுக்கு 'ஆர்க்-ஆன்-சியெல்'னு ஹைஃபன் இருக்கிற இடத்துலயே வெட்டி, முதல் துண்ட வேற தடிச்ச எழுத்துல போட்டிருந்தீங்க. ஹைஃபன் எழுதறதுக்குத்தான், பேசுறப்போ அது இருக்கறதே தெரியாது. அந்த க் அடுத்து வர்ற உயிர்ல ஏறிக்கும், ஆர்-கான்-சியெல்னுதான் பிரியும். நன்னூல்ல 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே'ன்னு படிச்சவங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல.

1990 எழுத்துச் சீர்திருத்தத்துல பர்ஸுக்கான போர்த்-மோனே மாதிரி பல சொல்லுக்கு ஹைஃபன எடுத்துட்டு சேர்த்தே எழுதலாம்னு சொன்னாங்க, உச்சரிப்பு மாறுச்சா என்ன?

அழுத்தம்தான் பெரிய விஷயம். இங்கிலீஷ் பழக்கத்துல நாம கூட்டுச்சொல்லோட முதல் பாதிய தூக்கி சொல்லிடறோம், அங்க ப்ளாக்போர்டுன்னா ப்ளாக்லதான் அழுத்தம். பிரெஞ்சுல அழுத்தம் சொல்லுக்கே சொந்தமில்ல, ஒரே மூச்சுல சொல்ற தொடரோட கடைசி அசைக்குத்தான், அதுவும் சத்தமா இல்ல, கொஞ்சம் நீட்டி. போர்த்-மோனேன்னு தனியா சொன்னா 'னே' நீளும், பின்னாடியே கருப்புங்கிற நுவார் வந்துட்டா 'னே' அடங்கிப்போய் நுவார் நீளும். அதனால முதல் துண்ட தடிப்பா போட்டது எந்த கணக்குலயும் சேராது.

இதுல ரொம்ப அழகான ஒரு சங்கதி, நீங்க தொடவே இல்ல. போர்த்-னு தொடங்கற சொல்லுங்கள்ல அந்த த்-க்கு அப்புறம் எழுத்துல ஒரு ஈ (e) இருக்கும், அது சில சமயம் கேக்கும் சில சமயம் காணாமப் போகும். சாவிக்கொத்து போர்-து-க்ளே, மூணு அசை, அந்த ஈ கேக்குது. துணி மாட்டுறது போர்த்-மான்-தோ, இங்க அது முழுங்கியாச்சு. பின்னாடி வர்றது ஒரே அசையா இருந்தா அழுத்தம் உடனே வந்து விழுது, அதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி வேணும்னு ஈ நிக்குது, ரெண்டு அசை இருந்தா அந்த தேவை இல்ல. எல்லாரும் இப்படியே பேசறாங்கன்னு சொல்ல முடியாது, தெற்கு பிரான்ஸ்காரங்க அந்த ஈய பெரும்பாலும் விடாம சொல்லுவாங்க.

அடுத்த வாரத்துலேர்ந்து அசை பிரிப்ப காதுல கேக்கறபடி போட்டு, கடைசி அசைய மட்டும் தடிப்பாக்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்